மலைமேல் ஒரு பாசறை

நுழையும்முன்

குன்னூருக்குச் செல்வோருள் பெரும்பாலோர் குளிரையும் பூங்காவையும் நாடிச் செல்வோர். படையில் சேர்ந்த பிள்ளை உறுதிமொழி ஏற்கும் நாளைக் கண்ணாரக் காணச் செல்வோரும் அந்தக் கூட்டத்தில் உண்டு. அவ்வாறு வன்னியம்பட்டியிலிருந்து வெலிங்டனுக்குச் சென்ற ஒரு குடும்பத்தின் நான்கு நாள் பயணத்தை இக்கட்டுரை விவரிக்கிறது.

ஊரும் வீடும்

திருவில்லிபுத்தூரிலிருந்து இராசபாளையம் செல்லும் சாலையில் உள்ளது வன்னியம்பட்டி. மேற்கே மேற்குத்தொடர்ச்சி மலை நீண்டு கிடக்கிறது. வடக்கே போனால் ஆண்டாள் கோயிலின் பதினொரு நிலைக் கோபுரமும் பால்கோவாக் கடைகளும். தெற்கே போனால் பஞ்சாலைகள். இவ்விரண்டுக்கும் நடுவே உள்ள இவ்வூரில், மழை பார்த்து விதைப்போரும் ஆலைக்கும் தறிக்கும் போவோரும் கலந்தே வாழ்கின்றனர்.

இக்கட்டுரையில் வரும் தந்தை தறிக்குப் போனவர். இராசபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டி மருத்துவத் துணிக்குப் பெயர்பெற்ற ஊர். புண்ணைச் சுற்றிக் கட்டும் பேண்டேஜ் துணியும், குருதியை ஒற்றியெடுக்கும் காஸ் துணியும் அங்குள்ள விசைத்தறிகளில் நெய்யப்பட்டு நாட்டின் பல பகுதிகளுக்கும் செல்கின்றன. அத்தறிகளுள் ஒன்றில் முப்பது ஆண்டுகள் நின்றவர் அவர். அவர் நெய்த துணி எந்த மருத்துவமனையில் யாருடைய காயத்தின்மேல் கட்டப்பட்டது என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் வழியில்லை.

அவர் இளைஞராய் இருந்தபோது படைக்கு ஆள்சேர்ப்பு நடப்பதாகக் கேள்விப்பட்டு, நண்பர்கள் நால்வருடன் சென்றவர். ஓட்டத்தில் தேறினார், உயரத்தில் தேறினார். மூச்சை இழுத்து நிறுத்தும்போது மார்பு ஐந்து செண்டிமீட்டர் விரிய வேண்டும். அது விரியவில்லை. ‘அடுத்த முறை வா’ என்று அனுப்பிவிட்டார்கள். அடுத்த முறை அவர் போகவில்லை. அதற்குள் தறியில் சேர்ந்திருந்தார். இச்செய்தியை அவர் வீட்டில் சொன்னதே இல்லை. மகன் அக்னிவீரராகத் தேர்வாகி வந்த அன்றுதான், சோறு உண்ணும்போது, ஏதோ அடுத்த வீட்டுக்காரர் கதையைச் சொல்வதுபோல் சொன்னார்.

தாய்க்கு இதில் விருப்பமில்லை. ஒரே மகன். பட்டப்படிப்பை முடித்துவிட்டு உள்ளூரிலேயே ஏதேனும் ஒரு பணியில் அமர்வான் என்று எண்ணியிருந்தாள். அவளை உறுத்திய வேறொன்றும் உண்டு. 2022ஆம் ஆண்டில் அறிமுகமான அக்னிபத் திட்டத்தின்படி, பணிக்காலம் நான்கே ஆண்டுகள். அதன்பின் ஒவ்வோர் அணியிலும் நூற்றுக்கு இருபத்தைந்து பேர் வரையே நிலையான பணிக்கு எடுத்துக்கொள்ளப்படுவர். முதலாண்டில் மாத ஊதியம் 30,000 ரூபாய். அதில் 9,000 ரூபாய் சேமிப்பாகப் பிடிக்கப்பட்டு, அரசின் அதே அளவு பங்குடனும் வட்டியுடனும் இறுதியில் தொகையாகக் கைக்கு வரும். தந்தை இந்தக் கணக்கைப் பழைய நாட்காட்டித் தாளின் பின்புறம் பலமுறை போட்டுப் பார்த்தார். தாய் அந்தத் தாளைப் பார்க்கவே இல்லை. “நாலு வருசம் கழிச்சு வந்து நிப்பானே, அதுக்குக் கணக்கு போட்டீங்களா?” என்று மட்டும் கேட்டாள். அந்தக் கேள்விக்கு நாட்காட்டித் தாளில் இடமில்லை.

மகன் பயிற்சிக்குச் சென்று திங்கள் பல கடந்தன. ஒரு கார்த்திகை மாதத்தில் அழைப்பு வந்தது. வெலிங்டனிலுள்ள மதராஸ் படைப்பிரிவு மையத்தில் உறுதிமொழி ஏற்பு அணிவகுப்பு, பெற்றோர் வரலாம். மார்கழி பிறப்பதற்குள் ஊர் திரும்பிவிட வேண்டும் என்ற ஒரே கட்டளையுடன் தாய் புறப்பட இசைந்தாள். ஆண்டாள் பிறந்த ஊரின் பக்கத்தில் வாழ்பவளுக்கு மார்கழி விடியற்காலையில் வேறு ஊரில் இருப்பது ஒவ்வாது. ஒரு டப்பா பால்கோவாவும், மாமியார் காலத்துப் பழுப்புநிறக் கம்பளி ஒன்றும் பையில் ஏறின. “மலையில எல்லாம் விக்கும்” என்றார் கணவர். “விக்கட்டும்” என்றாள் அவள்.

மலை ஏற்றம்

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு மலைத்தொடர்வண்டியில் ஏறவேண்டும் என்பது தந்தையின் நெடுநாள் ஆசை. அது நிறைவேறவில்லை. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மண்சரிந்து தண்டவாளத்தில் விழுவது அப்பாதையில் வழக்கம்; அன்றும் அப்படியே விழுந்து வண்டி நிறுத்தப்பட்டிருந்தது. பேருந்தில்தான் ஏறினார்கள். கல்லாறு தாண்டியதும் பாக்குத்தோப்புகள் பின்வாங்கின, வளைவுகள் தொடங்கின. சன்னலோரம் அமர்ந்திருந்த தாய் மூன்றாவது வளைவிலேயே எலுமிச்சையை மூக்கருகே பிடித்துக்கொண்டு கண்ணை மூடிவிட்டாள். நீலகிரியின் புகழ்பெற்ற பள்ளத்தாக்குகள் அவளைப் பொறுத்தவரை ஓர் எலுமிச்சை மணமாகவே கழிந்தன.

குன்னூர் ஏறத்தாழ 1,850 மீட்டர் உயரத்தில் உள்ளது. பேருந்து நிலையமும் தொடர்வண்டி நிலையமும் அருகருகே, ஊரின் அடிப்பள்ளத்தில் உள்ளன. அங்கிருந்து மேலே பார்த்தால் வீடுகள் ஒன்றன்தோள்மேல் ஒன்று ஏறி நிற்பதுபோல் தோன்றும். விடுதியில் பையை வைத்துவிட்டுத் தந்தை முதலில் சென்ற இடம் நிலையத்தை ஒட்டிய எஞ்சின் கொட்டகை. வண்டியில்தான் ஏற முடியவில்லை. எஞ்சினையாவது பார்ப்போம் என்று போனார்.

அந்த எஞ்சினின் அமைப்பு அறியத்தக்கது. மேட்டுப்பாளையத்துக்கும் குன்னூருக்கும் இடையே 1899ஆம் ஆண்டில் வண்டி ஓடத் தொடங்கியது. 1908இல் உதகை வரை பாதை நீண்டது. மொத்தத் தொலைவு 46 கிலோமீட்டர். கல்லாற்றுக்கு மேல் பன்னிரண்டு அடி முன்னே சென்றால் ஓரடி மேலே ஏறும் அளவுக்குச் செங்குத்து. வழுவழுப்பான இரும்புச் சக்கரம் வழுவழுப்பான இரும்புத் தண்டவாளத்தில் அவ்வளவு ஏற்றத்தைப் பற்றி ஏறாது, வழுக்கும். ஆகவே இரு தண்டவாளங்களுக்கும் நடுவே பற்களையுடைய இரும்புப் பட்டை பதிக்கப்பட்டுள்ளது. எஞ்சினின் அடியிலுள்ள பற்சக்கரம் அதைக் கவ்விக் கவ்வி ஏறுகிறது. எஞ்சின் வண்டியின் முன்னே நின்று இழுப்பதில்லை; கீழ்ப்புறம் நின்று பெட்டிகளை மேல்நோக்கித் தள்ளுகிறது. குன்னூருக்கு மேலே ஏற்றம் குறைவாதலால் பல்பட்டை இல்லை. டீசல் எஞ்சின் போதும். இந்த மலைப்பாதையை 2005ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உலக மரபுச்சின்னமாக ஏற்றது.

தறியின் பற்சக்கரங்களோடு வாழ்ந்தவர் ஆதலால் தந்தைக்கு யாரும் விளக்கவேண்டியிருக்கவில்லை. குனிந்து, எஞ்சினின் அடியைப் பார்த்து, “ஒரு பல்லு தேஞ்சா போச்சு” என்றார்.

மாலையில் சிம்ஸ் பூங்காவைப் பார்த்தனர். 1874இல் உருவாக்கப்பட்ட பூங்கா அது. மலைச்சரிவை அப்படியே விட்டு, மரங்களைப் பெயர்ப்பலகையுடன் நிறுத்தியிருக்கிறார்கள். தாய்க்கு அதைவிட எதிரேயிருந்த கட்டடத்தின் கதை மனத்தில் நின்றது. அது பாஸ்டர் நிறுவனம். வெறிநாய்க்கடிக்குத் தடுப்பூசி செய்வதற்கென 1907இல் அங்கே நிறுவப்பட்டது. அதற்கு முன் தென்னிந்தியாவில் வெறிநாய் கடித்தவர்கள் மருத்துவம் வேண்டி இமயமலை அடிவாரத்துக் கசௌலிக்குச் செல்லவேண்டும்; வழியிலேயே காலம் கடந்துவிடும். 1902இல் ஓர் ஆங்கில இளம்பெண் அவ்வாறு இறந்தபின், ஹென்றி பிப்ஸ் என்ற அமெரிக்கச் செல்வர் அளித்த கொடையைக் கொண்டு இது உருவாயிற்று. அப்பெண்ணுக்கு முன்பு இறந்த உள்ளூர் மக்கள் எத்தனை பேரோ! அவர்களுக்காக அன்று கட்டடம் எழவில்லை என்பதையும் நினைக்கத்தான் வேண்டும். ஆயினும் எழுந்த கட்டடம் எல்லாருக்கும் பயன்பட்டது. இராசபாளையம் என்றால் வெண்ணிற வேட்டைநாயைத்தான் வெளியூரார் முதலில் நினைப்பர். 2005இல் அந்நாய்க்கு அஞ்சல்தலையும் வெளியாயிற்று. நாயோடு வாழும் ஊர்ப்பகுதியிலிருந்து வந்தவள் அந்தக் கட்டடத்தை நின்று பார்த்ததில் வியப்பில்லை.

வெலிங்டன்

மறுநாள் விடியலில், குன்னூரிலிருந்து உதகை செல்லும் வண்டியில் ஏறி அடுத்த நிலையத்திலேயே இறங்கினர். சில நிமிடப் பயணம். தந்தையின் ஆசை அவ்வளவில் நிறைவேறியது.

வெலிங்டனுக்கு முன்பிருந்த பெயர் ஜக்கதளா. அது படகர் ஊர் ஒன்றின் பெயர். சமவெளியின் வெப்பம் தாளாத வெள்ளைச் சிப்பாய்களுக்காக 1850களில் இங்கே பெரும் பாசறை கட்டப்பட்டது. பின்னர் ஆங்கிலத் தளபதி வெலிங்டன் பிரபுவின் பெயர் சூட்டப்பட்டது. இன்று அப்பாசறை, தரைப்படைத் தலைவராக விளங்கிய ஸ்ரீநாகேஷ் பெயரால் வழங்குகிறது. கோயம்புத்தூர் அருகே மதுக்கரையில் இருந்த மதராஸ் படைப்பிரிவு மையம் 1947இல் இங்கு வந்து சேர்ந்தது. அதே காலத்தில் மற்றொன்றும் வந்தது. பிரிவினைக்கு முன் படை அலுவலர்களுக்கான உயர்கல்லூரி குவெட்டாவில் இருந்தது. அவ்வூர் பாகிஸ்தானுக்குப் போகவே, இந்தியா தனக்கென ஒரு கல்லூரியை வெலிங்டனில் தொடங்கியது. அதுவே முப்படை அலுவலர் கல்லூரி. ஒரே ஊரில் ஒருபுறம் புதிதாய் வந்த பதினெட்டு வயது இளைஞன் துப்பாக்கி பிடிக்கக் கற்கிறான். மறுபுறம் பல ஆண்டு பணியாற்றிய அலுவலர், அயல்நாட்டு அலுவலருடன் அமர்ந்து போரின் திட்டம் கற்கிறார்.

மக்கள் பேச்சில் இவ்விடங்களுக்கெல்லாம் சுருக்கப்பெயர் உண்டு. படைமையம் ‘எம்.ஆர்.சி.’, அலுவலர் கல்லூரி ‘ஸ்டாப் காலேஜ்’. பேருந்து நிறுத்தங்களுள் ஒன்று ‘பாய்ஸ் கம்பெனி’. அந்தப் பெயரைப் பேருந்துப் பலகையில் பார்த்த தாய், பயணம் தொடங்கியபின் முதன்முறையாகச் சிரித்தாள்.

மதராஸ் படைப்பிரிவு இந்தியத் தரைப்படையின் காலாட்படைப் பிரிவுகளுள் மிகப் பழையது. அதன் தொடக்கம் 1758. அதன் சின்னம் யானை. 1803இல் நடந்த அசாயே போரில் காட்டிய வீரத்திற்காகக் கிடைத்த சின்னம் அது. அப்போரில் கும்பினிப் படையை நடத்தியவர் ஆர்தர் வெல்லெஸ்லி. அவரே பிற்காலத்து வெலிங்டன் பிரபு. ஆக, ஊரின் பெயரும் படையின் சின்னமும் ஒரே மனிதரில் வந்து முடிகின்றன. எதிரே நின்றவர்கள் மராட்டியர் என்பதை மறக்கலாகாது. வீரம் நம்முடையது, போர் நம்முடையதன்று. 1758 என்னும் ஆண்டைக் கேட்டதும் தந்தைக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது. இராசபாளையத்துக்குத் தெற்கே, நெற்கட்டும்செவலில், பூலித்தேவர் கும்பினியை எதிர்த்து நின்ற காலம் அல்லவா அது? சிறுவயதில் அவர் பாட்டி சொன்ன கதைகளில் கும்பினிச் சிப்பாய் எப்போதும் எதிராளியாகவே வருவான். அந்தச் சிப்பாயின் வழியில் வந்த படையில் இன்று தம் மகன் நிற்கிறான். இதற்கிடையே 1947 என்ற ஆண்டு ஒன்று வந்து எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறது என்று அவர் தமக்குள் தீர்த்துக்கொண்டார்.

அணிவகுப்பு

பயிற்சித் திடலைச் சுற்றிப் பெற்றோர்க்கு நாற்காலி இட்டிருந்தனர். மூடுபனி திடலைவிட்டு இன்னும் விலகவில்லை. தமிழ், மலையாளம், கன்னடம், தெலுங்கு என நான்கு மொழிகள் வரிசை வரிசையாகக் கேட்டன. தாயின் பக்கத்து நாற்காலியில் ஆந்திரத்திலிருந்து வந்த ஒரு பெண்மணி. இராசபாளையம் வட்டாரத்தில் தெலுங்கு பேசுவோர் மிகுதி. தெருவில் கேட்டுக்கேட்டே அம்மொழி தாய்க்குச் சிறிது வரும். “மீ பாபு ஏ லைன்லோ?” என்று கேட்டாள். அந்தப் பெண்மணி உதட்டைப் பிதுக்கினாள். அவளுக்கும் தெரியவில்லை.

தெரியாததுதான் அன்றைய உண்மை. இசைக்குழு முன்வர, இளைஞர்கள் அணியணியாகத் திடலுக்குள் வந்தனர். ஒரே உயரம், ஒரே நடை, ஒரே முகம். பால் மணம் மாறாத காலத்திலிருந்து பார்த்த முகத்தைத் தாய் அந்த வரிசைகளில் தேடினாள், கிடைக்கவில்லை. கூட்டத்தில் எங்கு நின்றாலும் இடத்தோளைச் சற்றே தாழ்த்தி நிற்பான். அந்தத் தோளை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்று நம்பியிருந்தாள். அங்கே எந்தத் தோளும் தாழ்ந்திருக்கவில்லை. பூட்ஸ் ஒலி மட்டும் நூற்றுக்கணக்கான கால்களில் ஒற்றை ஒலியாய் எழுந்து அடங்கியது.

பின்னர் உறுதிமொழி. அவரவர் சமய நூல்களும் தேசியக்கொடியும் முன்னே கொண்டுவரப்பட்டன. தரை, கடல், வான் எவ்வழியில் அனுப்பினாலும் செல்வதாகவும், உயிருக்கே இடர் வரினும் கட்டளையை நிறைவேற்றுவதாகவும் அமைந்த உறுதிமொழி அது. மொழி புரியாத தாய்க்கும் அது இன்னது என்று புரிந்திருக்க வேண்டும். அந்த நேரம் முழுதும் மடியிலிருந்த பையின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தாள். இறுதியில் படைப்பிரிவின் போர்முழக்கம் திடலை அதிர்த்தது. தமிழில் எழுந்த முழக்கம். ‘வீர மதராசி’ என்று தொடங்கி ‘அடி கொல்லு’ என்று முடியும் அதைக் கன்னட இளைஞனும் மலையாள இளைஞனும் தமிழிலேயே முழங்கினார்கள். தந்தை எழுந்து நின்றுவிட்டார். மனைவி வேட்டி நுனியை இழுத்து உட்காரச் சொன்னாள்.

நிகழ்ச்சி முடிந்து வரிசை கலைந்தபின், மகன் அவர்கள் முன் வந்து நின்று வணக்கம் வைத்தான். இளைத்திருந்தான், கறுத்திருந்தான். பெற்றோரின் மார்பில் குத்திக்கொள்ள ஒரு பதக்கம் அளிக்கப்பட்டது. தந்தை அதைக் குத்திக்கொள்ளும்போது, அறியாமலே மூச்சை இழுத்து மார்பை நிமிர்த்தினார். மகன் பார்த்துவிட்டான். “அஞ்சு செண்டிமீட்டர் விரிஞ்சிருக்குப்பா” என்றான். படையில் சேர்ந்து அவன் கற்ற முதல் நகைச்சுவை இதுவோ என்னவோ! தாய் பதக்கத்தைக் குத்திக்கொள்ளவில்லை. முந்தானையில் முடிந்துகொண்டாள். பால்கோவா டப்பா திறந்தது. ஐந்து நிமிடத்தில், நான்கு மொழி பேசும் விரல்களால் அது தீர்ந்தது.

பாசறையினுள் சிறிது தொலைவு பெற்றோரை அழைத்துச் சென்று காட்டினர். வரிசையான இரும்புக் கட்டில்கள். சுருக்கமின்றி மடித்த போர்வைகள். வீட்டில் ஒருநாளும் பாயைச் சுருட்டி வைக்காதவனின் கட்டில் இதுதானா என்று தாய் இருமுறை கேட்டாள். வெளியே வந்தபோது போர் நினைவிடம் எதிர்ப்பட்டது. மலர்வளையம் ஒன்று பனியில் நனைந்து கிடந்தது. அங்கே அவள் நிற்கவில்லை, வேகமாக நடந்தாள்.

பஞ்சும் வெடிமருந்தும்

மகனுக்கு விடுப்பு கிடைத்திருந்தது. மறுநாள் அவனே வழிகாட்டி. வெலிங்டனுக்கு அடுத்த ஊர் அருவங்காடு. அங்கே மதிலுக்குள் மரங்கள் சூழ நிற்கிறது ஒரு நூற்றாண்டைக் கடந்த கார்டைட் தொழிற்சாலை. வெளியார் உள்ளே செல்ல முடியாது. சாலையில் நின்று பார்க்கலாம். துப்பாக்கிக் குண்டையும் பீரங்கிக் குண்டையும் உந்தித்தள்ளும் புகையற்ற வெடிமருந்து இங்கே செய்யப்பட்டு வருகிறது. இதற்கு மின்சாரம் வேண்டி, காட்டேரி அருவியில் நீர்மின் நிலையம் ஒன்றும் அந்நாளிலேயே கட்டப்பட்டது. தென்னாட்டின் பல நகரங்களில் மின்விளக்கு எரியாத காலம் அது.

கார்டைட் எதனால் ஆனது என்று தந்தை கேட்டார். பயிற்சியில் கற்றதை மகன் சொன்னான். அடிப்படைப் பொருள் பருத்தி. பஞ்சை நைட்ரிக் அமிலமும் கந்தக அமிலமும் கலந்த கலவையில் ஊறவைத்தால், பார்வைக்குப் பஞ்சாகவே இருக்கும். தீப்பட்டால் நொடியில் எரிந்து வளியாகிவிடும். அதனோடு நைட்ரோகிளிசரினைச் சேர்த்துப் பிசைந்து, இடியாப்பம் பிழிவதுபோல் அச்சில் பிழிந்து, கயிறாக இழுப்பார்கள். கயிற்றைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லிலிருந்தே அதற்குப் பெயர் வந்தது. குழலுக்குள் ஒரே சீராக எரிந்து வளியை வெளியிடுவதற்கு அந்தக் கயிற்றின் பருமன் முதன்மையானது.

தந்தை நெடுநேரம் பேசவில்லை. கரிசல் காட்டில் வெடித்த பருத்தி ஆலைக்குப் போகிறது, நூலாகிறது, சத்திரப்பட்டியில் கட்டுத்துணியாகிறது. அதே பருத்தி இன்னொரு மதிலுக்குள் போனால் இதுவாகிறது. “எந்தப் பஞ்சு வாங்குவாங்க? நீளப் பஞ்சா, கழிவுப் பஞ்சா?” என்று கேட்டார். மகனுக்குத் தெரியவில்லை. “கழிவுப் பஞ்சாத்தான் இருக்கும்” என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டார்.

குன்னூர் திரும்பும் வழியில், பீல்டு மார்ஷல் மானெக்‌ஷா வாழ்ந்த ஊர் இது என்று மகன் பெருமையுடன் சொன்னான். 1971 போரில் தரைப்படையை வழிநடத்தியவர். ஓய்வுக்குப்பின் குன்னூரிலேயே வாழ்ந்தார். 2008 சூன் 27 அன்று வெலிங்டன் படை மருத்துவமனையில் தம் 94ஆம் வயதில் மறைந்தார். உதகையிலுள்ள பார்சி இடுகாட்டில், மனைவியின் கல்லறைக்கு அருகே அடக்கம் செய்யப்பட்டார். நாட்டின் உயர்பதவியினர் பலர் வரவில்லையே என்ற மனக்குறை அந்நாளில் நாளிதழ்களில் எழுந்தது. நியாயமான குறைதான்.

நஞ்சப்பசத்திரம்

நான்காம் நாள் மூவரும் இறங்கினர். குன்னூரைவிட்டுப் பேருந்து சிறிது தொலைவு வந்ததும், காட்டேரிப் பூங்கா அருகே சாலையில் ஊர்திகள் தேங்கின. முன்னே எங்கோ ஒரு மரம் சாய்ந்திருந்தது. பயணிகள் இறங்கி நின்றனர். மகன் சரிவின் பக்கம் கைகாட்டி, “நஞ்சப்பசத்திரம் அங்கதான்” என்றான். பேருந்தில் பேச்சு குறைந்தது.

2021 திசம்பர் 8. இந்தியாவின் முதல் முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத், மனைவியுடனும் படையினருடனும் சூலூர் விமானப்படைத் தளத்திலிருந்து ஹெலிகாப்டரில் புறப்பட்டார். முப்படை அலுவலர் கல்லூரியில் உரையாற்றுவதற்காக அவர் வந்துகொண்டிருந்தார். வெலிங்டனில் இறங்கச் சில நிமிடங்களே இருந்தன. மூடுபனிக்குள் நுழைந்த ஹெலிகாப்டர் இச்சிற்றூரின் அருகே மரங்களில் மோதி விழுந்து தீப்பற்றியது. அதில் இருந்தோர் 14 பேர். 13 பேர் அன்றே மாண்டனர். உயிருடன் மீட்கப்பட்ட குரூப் கேப்டன் வருண் சிங் ஒரு வாரம் போராடி, திசம்பர் 15 அன்று மறைந்தார்.

நஞ்சப்பசத்திரம் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களும் கூலி வேலைக்குச் செல்வோரும் வாழும் சிறு குடியிருப்பு. வெடியொலி கேட்டதும் முதலில் ஓடியவர்கள் அவர்களே. விழுந்தது யாருடைய ஊர்தி, உள்ளே இருப்பவர் யார் என்பது அப்போது அவர்களுக்குத் தெரியாது. குடங்களில் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றினார்கள். தீயணைப்பு வண்டி இறங்க அங்கே பாதை இல்லை. தூக்குப்படுக்கையும் உடனே கிடைக்கவில்லை. வீடுகளிலிருந்து கம்பளிகளையும் போர்வைகளையும் எடுத்துக்கொண்டு ஓடினார்கள். காயம்பட்டவர்களும் இறந்தவர்களும் மேடேறிச் சாலைக்கு வந்தது அந்தக் கம்பளிகளில்தான். திசம்பர் மாதக் குன்னூரில் ஓர் ஏழை வீட்டிலிருந்து கம்பளி வெளியே போவது என்றால் என்ன என்பதை அங்கே ஓர் இரவு தங்கியவர் அறிவர். பிறகு படை அலுவலர்கள் வந்து நன்றி கூறி, அம்மக்களுக்குப் புதிய கம்பளிகள் வழங்கினர். ஓராண்டுக்கு அந்த ஊரைத் தத்தெடுத்து, திங்கள்தோறும் மருத்துவர் வந்து செல்ல ஏற்பாடும் செய்தனர்.

சாலையோரத் தேநீர்க் கடையில் மூவரும் நின்றனர். தாய் மெல்லக் கேட்டாள்: “அந்த வீட்டுக்காரங்களுக்கு அவங்க யாருன்னே தெரியாதாடா?” “தெரியாதும்மா. டிவியில பாத்துத்தான் தெரிஞ்சுக்கிட்டாங்களாம்.” அவள் சரிவை நோக்கி நின்றாள். தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஓட்டுக்கூரைகள் தெரிந்தன. ஒரு வீட்டின் முன் துணி உலர்ந்துகொண்டிருந்தது. தந்தை தேநீர்க் குவளையைக் கீழே வைத்துவிட்டு, சட்டைப்பையைத் தடவிப் பதக்கம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார்.

பேருந்துகள் நகரத் தொடங்கின. ஏறியதும் தாய் மகனிடம், விடுப்பு முடிந்து எங்கே போகவேண்டும் என்று கேட்டாள். வடக்கே என்றான். எந்த ஊர் என்று சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. ‘நாலு வருசம்’ என்ற பேச்சு அந்தப் பயணத்தில் எழவில்லை. வீட்டில் எழுந்திருக்கலாம்.

வளைவுகளில் இறங்கும்போது இம்முறை அவள் எலுமிச்சையை எடுக்கவில்லை. மகன் அவள் தோளில் சாய்ந்து உறங்கிப்போனான், இடத்தோள் தாழ்ந்திருந்தது. பையிலிருந்து பழுப்புநிறக் கம்பளியை உருவி அவன்மேல் போர்த்தினாள். அதனுடன் வர்க்கிப் பொட்டலமும் சேர்ந்து வந்து மடியில் விழுந்தது. கல்லாறு வந்தது, பாக்குத்தோப்புகள் வந்தன. மேட்டுப்பாளையத்தில் வெப்பம் ஏறவே, பயணிகள் ஸ்வெட்டர்களைக் கழற்றி மடித்தனர். “வேர்க்கப் போகுது, எடுத்துடு” என்றார் தந்தை.

“கோயம்புத்தூர் வரட்டும்” என்றாள் அவள்.